காணிக்கையாக வந்த மாத்திரைகள்

மே 9, வியாழன்

இரண்டு பேருந்து, ஒரு ஜீப். மதியம் மேல்வாழைக்காடு வந்து சேர்ந்தோம். கல்வராயன் மலையில் நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு ஆரம்பப் பள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு. எங்கள் சபை இந்த ஊருக்கு ஒரு ஊழியரை அனுப்பி வைத்திருக்கிறது. அவர் மனைவிக்குப் பேறுகாலம் என்று கீழே போயிருக்கிறார். சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனதால் நாங்களே திறந்துகொண்டோம்.

வாலிபர் ஐக்கியத்தின் கோடை ஊழியப் பயணம் இது. பெண்பிள்ளைகளுக்குத் துணையாக எப்போதும் போதகரின் மனைவி வருவார். இந்த வருடம் அவருக்கு முழங்கால் வலி. போதகர் வீட்டுக்கு வந்து, "கல்லூரி லீவுதானே, நீங்க போயிட்டு வந்தா என்ன?" என்றார். மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. என் கணவர் ராஜன் இருந்தவரை பையன்களை அழைத்துவருவது அவர் வேலை. பையன்களுக்கு அவர் 'அங்கிள்', நான் 'மேடம்'. பாளையங்கோட்டையில் பாதிப் பிள்ளைகளுக்கு நான் வேதியியல் நடத்தியிருக்கிறேன். அதனால் இவர்கள் என் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே உட்காருகிறார்கள்.

ஐக்கியத்தின் செயலர் ஷெர்வின். பொறியியல் முடித்து ஒரு வருடம் ஆகிறது, வேலை இல்லை. ஆனால் சோம்பேறி அல்ல. மூட்டைகளை எல்லாம் அவன்தான் இறக்கினான்.

இரவுச் சமையல் ரசம் சோறு. அனிஷ் என்ற பையன் கரண்டியை நீட்டி, "மேடம், உப்பு பாருங்க. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் சொன்னாத்தான் எறக்குவோம்" என்றான். உப்பு சரியாக இருந்தது. அதைச் சொன்னேன். வேறு ஏதாவது சேர்த்துச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு உடனே தோன்றவில்லை.

மே 10, வெள்ளி

காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. பையன்கள் ஜெப வீட்டுச் சுவரைச் சுரண்டினார்கள். நான் காய் நறுக்கினேன்.

மாலைக் கூட்டத்துக்குப் பச்சியம்மாள் என்ற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் பெயர் மோனிஷா, இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். புருஷன் குடகில் மிளகு பறிக்கும் வேலைக்குப் போயிருக்கிறான். பிள்ளைக்கு வலிப்பு வரும் என்றும், கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள் என்றும், மாதம் ஒருமுறை அதற்காக மலை இறங்கிப் போகிறாள் என்றும் எங்களோடு வந்த ஹெப்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெப்சி நர்ஸிங் இரண்டாம் வருடம்.

ஷெர்வின் எல்லோரையும் அழைத்துப் பிள்ளையின் தலைமேல் கை வைக்கச் சொன்னான். நீண்ட ஜெபம். பத்துப் பதினைந்து கைகளுக்கு நடுவே மோனிஷா, அனிஷின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலருகே நின்றேன்.

முடிவில் அவன் கேட்டான்: "அக்கா, நம்புதீங்களா?"

"நம்பறேன் தம்பி."

"அப்ப சொல்லுங்க. எம்புள்ளைக்கிச் சொகமாயிட்டு."

அவள் சொன்னாள். மூன்று முறை சொல்ல வைத்தான். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

இதே சொற்களை நான் ராஜன் கிடந்த மருத்துவமனையின் வராண்டாவிலும் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய இதே குரல்கள்தான்.

புளி தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

மே 11, சனி

சுவருக்கு முதல் பூச்சு. இளமஞ்சள். மோனிஷா காலை வகுப்புக்கு வந்து செய்கைப் பாட்டில் எல்லோரையும்விட உயரக் குதித்தாள். ஷெர்வின் அதை வீடியோ எடுத்துச் சபைக் குழுவுக்கு அனுப்பினான். புளி கிடைக்கவில்லை.

மே 12, ஞாயிறு

ஆராதனையில் பச்சியம்மாள் எழுந்து சாட்சி சொன்னாள். "எம்புள்ள நல்லாயிருச்சு" என்பதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் சாட்சி சொல்பவர்கள் இத்தனை சீக்கிரம் உட்கார மாட்டார்கள்.

இங்கே காணிக்கைக்குப் பணம் கொண்டுவருவது குறைவு. முட்டை, சாமை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று முன்னால் கொண்டுவந்து வைக்கிறார்கள். சிறிய பொருளானால் துணிப் பையில் போடுகிறார்கள். ஆராதனை முடிந்து நானும் ஹெப்சியும் அவற்றைப் பிரித்து வைத்தோம். பைக்குள் வாழைச் சருகில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் இரண்டு அட்டை மாத்திரை.

ஹெப்சி அதை வாங்கிப் பார்த்தாள்.

"வலிப்பு மாத்திரை மேடம். மோனிஷாவோடது."

"பையில் எப்படி வந்தது?"

"சொகமாயிட்டுல்லா. நன்றிக் காணிக்கையாப் போட்டிருப்பாங்க." பிறகு மெதுவாக, "இத திடீர்னு நிப்பாட்டக் கூடாது மேடம். முந்தியவிட மோசமா வரும்."

"இது உனக்கு வெள்ளிக்கிழமையே தெரியுமா?"

அவள் அழ ஆரம்பித்தாள். "மாத்திரைய விட்டுராதீங்கன்னு சொல்லணும்னு வாய் வர வந்திச்சு. எல்லாரும் ஸ்தோத்திரம்னுட்டு இருந்தாங்க. நான் மட்டும் மாத்திரைன்னு சொன்னா அவிசுவாசின்னு நெனப்பாங்கன்னு..."

அவளைத் திட்டவில்லை. நானும்தான் வாசலில் நின்றிருந்தேன். எனக்குக் காதும் இருந்தது, அவிசுவாசி என்ற பெயரும் ஏற்கெனவே இருந்தது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். தானியம் புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து, ஒரு கோணியை உதறிப் போட்டாள். வெள்ளி இரவு முதல் மாத்திரை கொடுக்கவில்லை என்றாள். அதைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும், நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து என்று வகுப்பில் சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னேன். அவள் என் கையிலிருந்த பொட்டலத்தைத் தொடவே இல்லை.

"சாமிக்குப் போட்டது டீச்சரம்மா. அத எப்படித் திரும்ப வாங்கறது?"

"சாமி கோபித்துக்கொள்ளாது."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். துடுக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பொட்டலத்தோடு திரும்பி வந்தேன்.

மே 13, திங்கள்

ஷெர்வினைத் தனியாக அழைத்து, நீ போய்ச் சொல், உன் சொல்லைத்தான் கேட்பாள் என்றேன்.

அவன் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "நான் மாத்திரைய நிப்பாட்டச் சொல்லலையே மேடம்."

"சுகமாயிற்று என்று மூன்று முறை சொல்ல வைத்தாய். சுகமான பிள்ளைக்கு எதற்கு மாத்திரை? அவள் யோசித்தது சரிதானே."

"மூணு நாளா ஒண்ணும் வரல. புள்ள ஆடுது, பாடுது. நீங்களே பாக்கீங்க. இப்ப நான் போயி மாத்திரையக் குடுங்கன்னா என்ன அர்த்தம்? நான் நம்பலன்னுல்லா அர்த்தம்?"

"மூன்று நாள் வராமலிருப்பது நிரூபணம் அல்ல."

"எல்லாத்துக்கும் நிரூபணம் கேட்டா எப்படி மேடம்? ராஜன் அங்கிளா இருந்தா இப்படிச் சொல்ல மாட்டாங்க. அங்கிளுக்காக நாங்க எவ்ளோ ஜெபம் பண்ணுனோம், ராத்திரி பகலா, ஆள் மாத்தி ஆள், சங்கிலி ஜெபம். ஆனா வீட்டுல நீங்க..."

அங்கே நிறுத்திக்கொண்டான். என்ன சொல்ல வந்தான் என்று நான் கேட்கவில்லை. சபையில் அதைப் பேசிக்கொள்கிறார்கள் என்பது புதிய செய்தியும் அல்ல. சுவரில் அவன் விட்டுப்போன ஓர் இடத்தைக் காட்டினேன். பூசினான்.

மாலையில் மறுபடி பச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. விறகுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். போதகருக்குப் போன் செய்தேன். "சின்னப் பையன், உற்சாகத்துல செஞ்சிருக்கான். பக்குவமா சொல்லுங்க" என்றார். வீடியோவை இருநூறு பேர் பார்த்துவிட்டார்களாம்.

மே 14, செவ்வாய்

இன்று வந்துவிட்டது.

காலை வகுப்பில், செய்கைப் பாட்டின் நடுவில். மோனிஷா கையை உயர்த்தியபடி நின்றாள். இறக்கவில்லை. பிறகு விழுந்தாள்.

ஹெப்சிதான் முதலில் ஓடினாள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாள். யாரோ ஓர் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து பிள்ளையின் கையில் திணிக்கப் பார்த்தார்கள். "தொடாதீங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று அவள் போட்ட அதட்டல் வெள்ளிக்கிழமையே அவளிடம் இருந்திருக்க வேண்டும். அனிஷ் ஜீப்பைத் தேடி ஓடினான். ஜீப் கீழே போயிருந்தது. பெரிய பெண் ஒருத்தி மற்றப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனாள். ஷெர்வின் சுவரோடு சேர்ந்து நின்றான். ஈரம் காயாத சுவர். சட்டை முதுகு முழுவதும் மஞ்சள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நின்றது. மூச்சு சீரானது. பிள்ளை தூங்கிப்போனாள். உதட்டைக் கடித்து ரத்தம்.

பச்சியம்மாள் கழனியிலிருந்து ஓடி வந்தாள். மகளைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். மாத்திரை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மாத்திரைதான் எடுத்து வந்தாள். இன்னொரு அட்டை. அதை ஷெர்வினின் காலடியில் வைத்தாள்.

"இத ஒளிச்சு வச்சிருந்தேன் தம்பி. பயந்துட்டு. சாமிக்கு முழுசாக் குடுக்கல. அதான் திரும்பி வந்துருச்சு."

ஷெர்வின் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "இல்லக்கா. தப்பு என்னோடது. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. குடுங்கக்கா, மாத்திரையக் குடுங்க."

"நீங்க நல்ல மனசுக்காரரு. என் தப்ப உங்க தலைல போட்டுக்காதீங்க."

அவன் என்னைப் பார்த்தான். ஒரு தேர்வு அறையில்கூட எந்த மாணவனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பச்சியம்மா, இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று சேர்ந்து வந்தது போலிருந்தது.

"நீங்க அன்னிக்கி ஜெபம் பண்ணல."

தரையில் கிடந்த அட்டையைக் கையில் எடுத்தேன்.

"எல்லாரும் கண்ண மூடினாங்க. எம்புள்ள மேல கைய வச்சாங்க. நீங்க மட்டும் கதவுகிட்ட நின்னீங்க, கண்ணத் தொறந்துகிட்டு. நான் பாத்தேன். எம்புள்ளைக்கு நீங்களும் பண்ணுங்க டீச்சரம்மா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

எங்கள் ஐக்கியத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஷெர்வின் தலையைக் குனிந்துகொண்டான். நேற்று அவன் பாதியில் விட்ட வாக்கியத்தை, அதை அறியாத ஒருத்தி முடித்து வைத்தாள். ஆனால் அவள் குற்றம் சாட்டவில்லை. கேட்டாள்.

"பண்ணுகிறேன். ஆனால் நான் மாத்திரைக்குத்தான் ஜெபம் பண்ணுவேன். ஜெபம் பண்ணிய மாத்திரையை நீ பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்."

"சாமிக்குப் போட்டத..."

"சோற்றுக்கு முன்னால் ஜெபிக்கிறோம். பிறகு சோற்றைச் சாமியிடமே விட்டுவிடுகிறோமா?"

அவள் யோசித்தாள். சரி என்றாள்.

பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு அட்டை, அவள் ஒளித்த ஓர் அட்டை, மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். எனக்குச் சபையின் வழக்கமான ஜெப வார்த்தைகள் எல்லாம் தெரியும். ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு செய்முறைக் குறிப்பைப் போலத்தான் சொன்னேன்: "ஆண்டவரே, இந்த மாத்திரை இந்தப் பிள்ளையின் உடம்பில் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். இதைக் கண்டுபிடித்தவர்களுக்கும், மலைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும், மறக்காமல் கொடுக்கும் இவள் அம்மாவுக்கும் நன்றி. இன்று பிள்ளை நன்றாகத் தூங்கட்டும். ஆமென்."

அனிஷின் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

பிள்ளை நன்றாக விழித்து, தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று ஹெப்சி பார்த்த பிறகு, பச்சியம்மாளே மாத்திரையை ஊட்டினாள்.

நம்பித்தான் சொன்னேனா என்பதை இங்கே எழுத வேண்டும். எழுதத் தெரியவில்லை.

மே 15, புதன்

ஜீப் கிடைத்தது. நான், ஹெப்சி, ஷெர்வின் மூவரும் தாயையும் மகளையும் கீழே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் சிறு வயதுப் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு, "யாரு நிறுத்தச் சொன்னது?" என்றாள். பச்சியம்மாள் வாயைத் திறப்பதற்கு முன், "நான்தான் மேடம்" என்றான் ஷெர்வின். மருத்துவர் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுதவில்லை. எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டான். அளவைச் சரிபார்த்து, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் பச்சியம்மாள் என் தோளைத் தட்டினாள். "நாளைக்கு நீங்க போயிருவீங்க. அப்பறம் யாரு ஜெபம் பண்றது?"

"ஊழியர் வந்துவிடுவார்."

"அவரு சொல்றது வேற. நீங்க மாத்திரைக்குச் சொன்னீங்களே, அது."

என் எண்ணை அவள் போனில் ஷெர்வின் பதிந்து கொடுத்தான்.

மே 16, வியாழன்

இறங்கினோம். பேருந்தில் யாரும் பாடவில்லை.

மே 17, வெள்ளி

இருட்டும் நேரத்தில் பச்சியம்மாள் அழைத்தாள். ஜெபம் சொன்னேன். பின்னால் நாய் குரைப்பு, பிறகு மோனிஷா தண்ணீர் குடிக்கும் சத்தம். "குடிச்சிட்டா" என்று வைத்துவிட்டாள்.

மே 24, வெள்ளி

அவள் அழைப்பு ஒரு நாளும் தவறவில்லை. இன்று துறைக் கூட்டம் நீண்டுபோனது. எழுந்து வராண்டாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். யாருடன் பேசினேன் என்று துறைத் தலைவர் கேட்டார். உறவுக்காரர் என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

பயண அறிக்கை வாசிக்கும் ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. எல்லோரும் அந்த வீடியோவின் மிச்சத்தைக் கேட்க வந்திருந்தார்கள். ஷெர்வின் மேடை ஏறினான். சுவர் பூசியதைச் சொன்னான், வகுப்பு நடத்தியதைச் சொன்னான். பிறகு, "நீங்க பாத்த வீடியோவுல அந்தப் பிள்ளைக்கு சுகமாயிட்டுன்னு போட்டிருந்தேன். அது உண்மை இல்ல" என்றான். மாத்திரையையும் சொன்னான், சுவரோடு நின்றதையும் சொன்னான். இனிமேல் நோயாளிக்கு ஜெபிக்கும்போது மருந்தை நிறுத்தாதீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஜெபிப்போம் என்று முடித்தான்.

ஸ்தோத்திரம் வரவில்லை. யாரோ இருமினார்கள். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லக் கொஞ்சம் நேரமானது.

வெளியே வந்தபோது சபை மூப்பர் ஒருவர், "இதயெல்லாம் கோயில்ல சொல்லணுமா டீச்சர்? நீங்களாவது தடுத்திருக்கலாம்" என்றார். "ராஜன் இருந்திருந்தால் இவனைத்தான் அடுத்த வருடமும் செயலராகப் போட்டிருப்பார்" என்றேன். அவர் பெயரை அந்த வளாகத்தில் நான் சத்தமாகச் சொல்லி வெகு நாளாகிறது. ஷெர்வின் செருப்பைத் தேடுவதுபோல அங்கேயே நின்றிருந்தான்.

ஜூன் 14, வெள்ளி

மோனிஷா மூன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம். டீச்சருக்கு விஷயம் தெரியும், பார்த்துக்கொள்கிறார் என்றாள் பச்சியம்மாள். மாத்திரை தீரும் முன்னே போய் வாங்கி வந்துவிட்டாள். நான் நினைவூட்டவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று அழைத்ததும் நான் தொடங்கப் போனேன்.

"இருங்க டீச்சரம்மா. நாளையில இருந்து நாங்களே சொல்லிக்கறோம். உங்களுக்குத் தெனமும் தொந்தரவு. எல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. சரியா இருக்குதான்னு மட்டும் கேளுங்க."

"தொந்தரவு இல்லை" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

மோனிஷா வாய்ப்பாடு ஒப்பிப்பதைப்போல ஒரே மூச்சில் சொன்னாள். "ஆண்டவரே இந்த மாத்திர என் உடம்புல செய்ய வேண்டியதச் செய்யட்டும். இதக் கண்டுபிடிச்சவங்களுக்கும், மலைக்குக் கொண்டாந்தவங்களுக்கும், மறக்காமக் குடுக்கற எங்கம்மாவுக்கும் நன்றி." அங்கே மூச்சு வாங்கினாள். "அங்க தனியா இருக்கற டீச்சரம்மாவும் இன்னிக்கி நல்லாத் தூங்கட்டும்."

நான் தனியாக இருக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னதே இல்லை.

எதிர்முனையில் இருவரும் காத்திருந்தார்கள். எதற்கென்று எனக்குப் புரியச் சற்று நேரமானது.

"ஆமென்" என்றேன்.